பிக்கப் மோட்டார்களின் சக்கரமும் போல்ட்டுப் பொருத்தமும்

விளைந்த பொருளைப் பழுதின்றியும் காலம் தவறாமலும் சந்தையில் கொண்டு சேர்ப்பதும் விவசாயத்தில் ஒரு பாகமேயாகும். பொன்னேரி, மீஞ்சூர், சோழவரம் முதலிய பக்கங்களிலுள்ள விவசாயிகள் கீரை, கத்தரி, வெண்டை, தர்ப்பூசணி ஆகியவற்றைப் பிக்கப் மோட்டார்களில் ஏற்றி, விடியுமுன் திருவொற்றியூர், இராயபுரம் கடைவீதிகளுக்கும், 1996-ம் வருஷத்தில் ஏற்பட்ட கோயம்பேடு சந்தைக்கும் அனுப்பி வருகின்றனர். இவ்வண்டிகள் செல்லும் எண்ணூர்ச் சாலைகளில், சென்னைத் துறைமுகத்திற்கும், 2001-ம் வருஷத்தில் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகத்திற்கும் போகும் பெட்டக லாரிகள் இரவும் பகலும் நெருங்கி ஓடுகின்றன. இத்தகைய பாதையில் டயர் பஞ்சராவது அபூர்வமன்று. அவ்வேளையில் ஸ்டெப்னியும் கெட்டிருக்குமாயின், சாலையோரத்துக் கடையிலோ வழியில் நிற்கும் வேறு வண்டியிலோ ஒரு சக்கரத்தை வாங்கி மாட்டிக்கொண்டு புறப்படுவது வழக்கமாயிருக்கிறது.

இவ்வழக்கத்தில் பெரிய அபாயம் ஒன்றுண்டு. வேறு வண்டியின் சக்கரம் ஸ்டட்டுகளில் நுழைந்துவிட்டதனாலேயே அது பொருந்திவிட்டதாகாது. பொருந்தாச் சக்கரம் சிறிது தூரம் செவ்வையாக ஓடுவதுபோல் தோன்றிப் பின்பு நட்டுகள் தளர்ந்து, ஸ்டட்டுகள் முறிந்து, பாரத்தோடு செல்லும் வண்டியினின்றும் கழன்று ஓடும். அப்பொழுது கெடுவது ஒரு நாள் சரக்கு மட்டுமன்று. மூட்டைகளின்மேல் உட்கார்ந்து வரும் கூலியாட்களின் உயிரும், எதிரே சைக்கிளில் வருவோர் உயிருமாகும். பாரவண்டியின்மேல் ஆட்களை ஏற்றுவதே சட்டவிரோதம் என்பதையும் இங்கு நினைவூட்டுதல் தகும். ஆகையால் வண்டி வைத்திருக்கும் ஒவ்வொரு மிராசுதாரும் சக்கரப் பொருத்தத்தின் கணக்கை அறிந்திருத்தல் அவசியம். அக்கணக்கு கடினமானதன்று, ஓர் எஃகு அளவுகோல் இருந்தாற் போதும்.

கட்டைவண்டியும் மோட்டாரும்

கட்டைவண்டிச் சக்கரத்தில் குடம், ஆரக்கால், வட்டை, இரும்புப் பட்டை ஆகிய யாவும் ஒன்றாய்ச் சேர்ந்திருக்கும். குடத்தின் துளையில் அச்சு நுழைந்திருக்க, கடையாணி அதனைக் கழலாமல் தடுக்கும். ஓர் ஊர்த் தச்சன் செய்த சக்கரம் மற்றோர் ஊர் அச்சுக்குப் பெரும்பாலும் பொருந்தாது என்பதை விவசாயிகள் நன்கு அறிவர்.

மோட்டாரிலோ குடம் வேறு, சக்கரம் வேறு. ஹப் எனப்படும் குடம் பேரிங்குகளோடு அச்சிலேயே நின்றுவிடும். மெக்கானிக்குகள் டிஸ்க் என்று சொல்லும் இரும்புச் சக்கரம் மட்டும் ஸ்டட்டுகளின்மேல் மாட்டி நட்டுகளால் இறுக்கப்படுகிறது. வண்டியின் பாரத்தை ஸ்டட்டுகளே தாங்குகின்றன என்று பலர் எண்ணுவது தவறு. நட்டுகளை முடுக்கும்போது ஸ்டட்டுகள் சிறிதளவு நீண்டு, டிஸ்க்கை ஹப்பின் முகத்தோடு மிகுந்த பலத்துடன் அழுத்திப் பிடிக்கின்றன. இவ்வழுத்தத்தினால் இரு முகங்களுக்குமிடையே உண்டாகும் உராய்வே சக்கரத்தை அசையாமல் நிறுத்துகிறது. அழுத்தம் குறையுமாயின் டிஸ்க் ஒவ்வொரு சுற்றிலும் சிறிது அசையும். அசைவினால் நட்டு மேலும் தளரும். முடிவில் ஸ்டட்டு வளைந்து வளைந்து முறியும். கீழ்வரும் விதிகளெல்லாம் இவ்வொரு காரணத்திலிருந்தே பிறந்தவை.

போல்ட்டு வட்டம்

சக்கரத்திலுள்ள துளைகளின் நடுமையங்களை இணைத்து ஒரு வட்டம் வரைந்தால், அவ்வட்டத்தின் குறுக்களவே போல்ட்டு வட்டமாகும். கடைக்காரர்கள் இதனைப் பி.சி.டி. என்பர். துளைகளின் எண்ணிக்கையையும் இக்குறுக்களவையும் சேர்த்து ‘5 துளை, 139.7’, ‘6 துளை, 139.7’ என்று குறிப்பிடுவது வழக்கம். அளவு மில்லிமீட்டரிலாகும்.

139.7 என்ற விசித்திரமான எண் எவ்விதம் வந்ததெனின், அது அங்குலக் கணக்கில் பிறந்ததேயாம். ஐந்தரை அங்குலம் சரியாக 139.7 மி.மீ. ஆகும். அவ்வாறே நாலரை அங்குலம் 114.3; ஐந்து அங்குலம் 127. அமெரிக்க வில்லிஸ் ஜீப்பின் சக்கரம் ஐந்து துளையும் ஐந்தரை அங்குல வட்டமும் உடையது. மஹீந்திரா கம்பெனியார் 1947-ம் வருஷத்தில் அந்த ஜீப்பை இந்தியாவில் பூட்டத் தொடங்கினர். அதன் வழியில் வந்த பொலேரோ காரிலும் அவ்வளவே தொடர்ந்தது. அங்குலம் வழக்கொழிந்த பின்னும் அங்குலத்தில் வகுத்த வட்டம் ஒழியவில்லை.

மோட்டார்ச் சக்கரத்தின் சரித்திரத்தில் வட சென்னைக்கும் அதன் அயலுக்கும் சிறந்த இடமுண்டு. திருவொற்றியூரில் 1946-ம் வருஷத்தில் விளையாட்டுப் பலூன் செய்யும் சிறு பட்டறையாகத் தோன்றிய எம்.ஆர்.எப்., 1961-ம் வருஷத்தில் டயர் உற்பத்தியில் இறங்கிற்று. 1948-ல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் கம்பெனி எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது. 1955-ல் அசோக் லேலண்ட் என்று பெயர் பெற்றது. சக்கரங்கள் செய்வதற்கென்றே வீல்ஸ் இந்தியா கம்பெனி 1960-ல் ஏற்பட்டுப் பாடியில் தொழிற்சாலை அமைத்தது. இத்தனை தொழிற்சாலைகள் அருகிலிருந்தும், பிக்கப் வண்டிகளுக்கு ஒரே சக்கர அளவு ஏற்படவில்லை. பெரிய லாரிகளில் பத்துத் துளை, 335 மி.மீ. என்ற அளவு பல தேசங்களில் பொதுவாகிவிட்டது. பிக்கப்புகளிலோ ஒவ்வொரு கம்பெனியும் தத்தம் பழைய வழக்கையே பின்பற்றி வருகின்றது.

அளக்கும் விதம்

நான்கு, ஆறு, எட்டு எனத் துளைகள் இரட்டைப்படையாக இருப்பின், எதிரெதிராயுள்ள இரு துளைகளின் மையத்திற்கு மையம் அளந்தால் அதுவே போல்ட்டு வட்டம். மையத்தைக் கண்ணால் நிதானிப்பது கடினமாகையால், ஒரு துளையின் வெளி விளிம்பிலிருந்து எதிர்த் துளையின் உள் விளிம்புவரை அளப்பது சுலபம். இரண்டும் ஒரே அளவினவாயின் விடை ஒன்றே.

ஐந்து துளையில் எதிர்த் துளை இல்லை. ஆகவே பக்கத்திலுள்ள இரு துளைகளின் மையத்திற்கு மையம் அளந்து, அதனை 1.701 ஆல் பெருக்க வேண்டும். இவ்வளவு 82 மி.மீ. ஆயின் வட்டம் 139.7, 74.6 ஆயின் 127, 67.2 ஆயின் 114.3. ஆறு துளையில் பக்கத் துளைகளின் தூரத்தை இரண்டால் பெருக்கினாற் போதும், 69.9 மி.மீ. ஆயின் 139.7 என்றும், 67.5 ஆயின் 135 என்றும் அறியலாம். நான்கு துளையில் 1.414 ஆல் பெருக்குக.

பெருக்கத் தெரியாத ஓட்டுநரும் செய்யத்தக்க உபாயம் ஒன்றுண்டு. தம் வண்டியின் டிஸ்க்கைக் கழற்றித் தடித்த அட்டையின்மேல் வைத்து, நடுத்துளையையும் போல்ட்டுத் துளைகளையும் கூரிய பென்சிலால் வரைந்து வெட்டி, வண்டியிலேயே வைத்துக்கொள்ளலாம். கடையில் கொடுக்கப்படும் சக்கரத்தின்மேல் அவ்வட்டையை வைத்துப் பார்த்தால் வேற்றுமை உடனே புலப்படும்.

சில வண்டிகளின் அளவு

பழைய வில்லிஸ் வகை ஜீப், பொலேரோ கார்: 5 துளை, 139.7.
மாருதி ஜிப்ஸி: 5 துளை, 139.7.
டொயோட்டா ஹைலக்ஸ், பார்ச்சூனர்: 6 துளை, 139.7.
இஸுஸு டி-மாக்ஸ்: 6 துளை, 139.7.
போர்டு எண்டெவர், மிட்சுபிஷி பஜேரோ ஸ்போர்ட்: 6 துளை, 139.7.
டொயோட்டா இன்னோவா (2005-ல் வந்த வகை): 5 துளை, 114.3.

அயல்நாட்டுப் பிக்கப்புகளிலும் இக்குழப்பமே காணப்படுகிறது. அமெரிக்கப் போர்டு எப்-150 வண்டி 2004-ம் வருஷ வகை முதல் 6 துளை, 135 உடையது. ஜீப் கிளாடியேட்டர் 5 துளை, 127. நிஸ்ஸான் நவாரா 6 துளை, 114.3. ராம் 1500 என்னும் வண்டி நெடுங்காலம் ஐந்து துளையாயிருந்து, 2019-ம் வருஷத்திய புது வகையில் ஆறு துளையாயிற்று. எனவே வண்டியின் பெயர் ஒன்றாயிருப்பதாலேயே சக்கரமும் ஒன்றென்று கொள்ளலாகாது. நம் நாட்டிலும் ஒரே பெயருள்ள பிக்கப்புகள் சுமைத் தரத்திற்கேற்ப வெவ்வேறு சக்கரங்களுடன் வரக்கூடும். பெயரை நம்பாமல் அளந்தே வாங்கவேண்டும்.

மிகவும் அபாயமானவை சிறிதே வேறுபடும் அளவுகள். ஐந்து துளைச் சக்கரம் ஆறு ஸ்டட்டில் ஏறவே ஏறாது. ஆகையால் அதனால் தீங்கில்லை. ஆனால் பல பியட் கார்களின் 4 துளை, 98 என்ற அளவுக்கும், பல மாருதி, ஹூண்டாய் கார்களின் 4 துளை, 100 என்ற அளவுக்கும் ஆரத்தில் ஒரு மி.மீ. தான் வித்தியாசம். சக்கரம் நுழைந்துவிடும், நட்டும் ஏறிவிடும். ஆனால் நட்டின் கூம்பு தன் குழியில் ஒருபுறமே படிந்து ஸ்டட்டைச் சாய்த்து இழுக்கும். கை முடுக்கில் இறுகியதுபோல் தோன்றியது, சில மைல் ஓடியதும் தளரும்.

வட்டம் ஒன்றாயினும் பொருந்தாமை

துளையும் வட்டமும் சரியாயிருந்தும் சக்கரம் பொருந்தாமற் போவதற்கு ஐந்து காரணங்கள் உண்டு.

முதலாவது, நடுத்துளை. ஹைலக்ஸின் நடுத்துளை சுமார் 106 மி.மீ.; எண்டெவரின் துளை 93; பஜேரோ ஸ்போர்ட்டின் துளை 67. மூன்றும் ஆறு துளை, 139.7 வகையே. பஜேரோவின் சக்கரம் ஹைலக்ஸின் ஹப்பில் நுழையவே நுழையாது. ஹைலக்ஸின் சக்கரம் பஜேரோவில் நுழையும்; ஆனால் ஹப்பைச் சுற்றிலும் சுமார் பத்தொன்பதரை மி.மீ. இடைவெளி நிற்கும். ஹப்பு நடுவில் தாங்க வேண்டிய சக்கரம் நட்டுகளை மட்டும் நம்பி நிற்கும்.

இரண்டாவது, நட்டின் அடி. சில நட்டுகளின் அடி கூம்பாகவும், சிலவற்றில் உருண்டையாகவும், சிலவற்றில் வாஷருடன் தட்டையாகவும் இருக்கும். டொயோட்டா வண்டிகள் பலவற்றில் அலுமினியச் சக்கரத்திற்குத் தட்டை நட்டும், இரும்புச் சக்கரத்திற்குக் கூம்பு நட்டும் வழங்கி வந்தன. தட்டை நட்டைக் கூம்புக் குழியில் முடுக்கினால் அது விளிம்பில் மட்டும் பதியும். ஸ்டெப்னி இரும்பாகவும் மற்றவை அலுமினியமாகவும் உள்ள வண்டியில், ஸ்டெப்னிக்கு எந்த நட்டு உரியது என்பதை முன்னரே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

மூன்றாவது, மரை. டொயோட்டாவின் ஸ்டட்டு 12 மி.மீ. கனமும் 1.5 மி.மீ. மரை இடைவெளியும் உடையது. மாருதியிலும் நிஸ்ஸானிலும் கனம் அதுவே, மரையோ 1.25. ஒன்றின் நட்டு மற்றொன்றில் ஓரிரண்டு சுற்று ஏறிப் பின் இறுகும். ஸ்பானரால் பலாத்காரமாய்த் திருப்பினால் இரு மரையும் அழியும். ஸ்டட்டின் கனம் எவ்வளவோ அவ்வளவு நீளமாவது மரை பிடித்திருத்தல் வேண்டும் என்பது தொழிலாளர் விதி, அதாவது 1.5 மரையில் எட்டுச் சுற்று. பழைய வில்லிஸ் ஜீப்புகளில் இடப்பக்கத்துச் சக்கரங்களுக்கு இடது மரை இருந்தது என்பதும் கவனிக்கத்தக்கது. அதனை அறியாமல் கழற்ற முயல்வோர் ஸ்டட்டையே முறித்துவிடுவர்.

நான்காவது, டிஸ்க்கின் உள்வாங்கல். ஹப்பில் படியும் முகம் சக்கரத்தின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறது என்பதே இது, சக்கரத்தில் ‘இ.டி.’ என்ற எழுத்துக்களுடன் அச்சிட்டிருப்பதுண்டு. இது மாறினால் டயர் உள்ளே பிரேக்கையோ ஸ்பிரிங்கையோ உராயும். அல்லது வெளியே துருத்தி நின்று பேரிங்கின்மேல் அதிகப் பாரத்தை ஏற்றும்.

ஐந்தாவது, சுமைத் தரம். டயரின் பக்கத்தில் அளவை அடுத்து அச்சிட்டுள்ள எண் அது தாங்கும் பாரத்தைக் காட்டும். 100 என்ற எண் 800 கிலோவையும், 104 என்பது 900 கிலோவையும், 107 என்பது 975 கிலோவையும், 112 என்பது 1,120 கிலோவையும் குறிக்கும். பின் அச்சில் 1,900 கிலோ விழும் வண்டியில் ஒவ்வொரு சக்கரமும் 950 கிலோ தாங்கவேண்டும். அதில் 100 எண்ணுள்ள கார் டயரை மாட்டுவது 150 கிலோ குறைவான டயரை மாட்டுவதேயாகும். டிஸ்க்கின் தரமும் அவ்விதமே பார்க்கத்தக்கது.

செய்யத்தகாதவை

துளைகளை அரத்தால் நீட்டுவதும், காஸ் வெட்டினால் பெரிதாக்குவதும் கூடாது. முறிந்த டிஸ்க்கை வெல்டிங் செய்து பாரவண்டியில் மாட்டலாகாது. ஓர் ஸ்டட்டு போயிற்று, மற்ற நான்கு போதும் என்று ஓட்டலாகாது. ஒன்றின் பங்கு மற்றவற்றின்மேல் விழ, அவையும் விரைவில் முறியும். வட்டத்தை மாற்றுவதற்காக நடுவில் இடைத்தட்டு வைத்து வேற்றுச் சக்கரம் மாட்டுவதும் பாரவண்டிக்கு ஏற்றதன்று. 1988-ம் வருஷத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, வண்டியைத் தயாரித்தவர் குறித்த விவரங்களினின்றும் மாறும்படி வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கின்றது என்பதையும் உரிமையாளர் மறத்தலாகாது.

பழைய சாமான் கடைகளில் சக்கரம் வாங்குவதே கூடாதென்பதன்று. நல்ல சக்கரங்கள் அங்கும் கிடைக்கின்றன. வாங்குமுன் துளைகள் நீண்டு முட்டை வடிவாயிருக்கின்றனவா, துளையைச் சுற்றிக் கீறல் உண்டா, கீறலிலிருந்து துருக்கோடு வழிந்திருக்கிறதா, புதுப் பெயிண்டு அடித்து எதையேனும் மறைத்திருக்கிறதா என்பவற்றைப் பகல் வெளிச்சத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சக்கரம் மாற்றும் முறை

வண்டியைச் சமதரையில் நிறுத்திக் கைப்பிரேக்கைப் பிடித்து, எதிர்ப்பக்கச் சக்கரத்திற்குக் கட்டை கொடுக்கவும். ஜாக்கி தூக்குமுன் நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்திக்கொள்ளவும். சக்கரத்தைக் கழற்றியபின் ஹப்பின் முகத்தையும் டிஸ்க்கின் முகத்தையும் இரும்புத் தூரிகையால் தேய்த்துத் துருவும் மண்ணும் போக்கவும். இம்முகங்களில் பெயிண்டோ கிரீஸோ இருத்தலாகாது. புதிய சக்கரத்தை மாட்டி, எல்லா நட்டுகளையும் கையாலேயே பல சுற்று ஏற்றவும். கையால் ஏறாத நட்டு அந்த ஸ்டட்டுக்கு உரியதன்று. பிறகு ஒன்றைவிட்டு ஒன்றாக எதிரெதிர் நட்டுகளைச் சிறிது சிறிதாக முடுக்கி, வண்டியை இறக்கியபின் முழுவதும் இறுக்கவும்.

எவ்வளவு இறுக்குவது என்பது வண்டியுடன் கொடுக்கும் கைப்புத்தகத்தில் உண்டு. 12 மி.மீ. ஸ்டட்டுக்குப் பெரும்பாலும் 10 முதல் 12 கிலோகிராம்-மீட்டர் வரை இருக்கும். அரை மீட்டர் நீளமுள்ள பிடியின் முனையில் சுமார் 22 கிலோ பலங்கொடுத்து அழுத்துவது இதற்குச் சமம். ஸ்பானரின்மேல் ஏறி நின்று மிதிப்பது பலருடைய வழக்கம். அறுபது கிலோ எடையுள்ள ஆள் அப்பிடியின் முனையில் மிதித்தால் 30 கிலோகிராம்-மீட்டர், அதாவது வேண்டியதைவிட ஏறக்குறைய மூன்று பங்கு ஆகும். அதனால் ஸ்டட்டு அளவுக்குமேல் நீண்டு பின் முறிகிறது. ஐம்பது முதல் நூறு கிலோமீட்டர் ஓடியபின் நட்டுகளை மறுபடி சோதித்தல் வேண்டும்.

கடற்காற்றும் வெள்ளமும்

எண்ணூர், காசிமேடு முதலிய கடலோரங்களில் உப்புக்காற்றினால் நட்டுகள் விரைவில் துருவேறுகின்றன. மீன் ஏற்றும் வண்டிகளில் ஐஸ் கரைந்த உப்புநீர் பின் சக்கரங்களின்மேல் வழிகிறது. அவ்வித வண்டியில் திரும்பு சவாரியாகக் காய்கறி அனுப்புவோர் அதன் சக்கரங்களையும் ஒரு முறை பார்த்துக்கொள்வது நலம். இரண்டு மாதத்திற்கொரு முறை நட்டுகளைக் கழற்றித் துடைத்துத் திரும்ப முடுக்கினால், வழியில் கழற்ற முடியாமல் தவிக்க நேராது. துரு ஸ்டட்டுக்கும் நட்டுக்குமிடையே நின்று, இறுகாததை இறுகியதுபோலக் காட்டும் என்பதும் நினைவிலிருக்கட்டும்.

2015-ம் வருஷம் டிசம்பர் மாத வெள்ளத்திலும், 2023-ம் வருஷம் டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இப்பகுதியில் வண்டிகள் பல நீரில் நின்றன. வெள்ளநீரில் ஹப்பு மூழ்கிய வண்டியின் சக்கரங்களைக் கழற்றிப் பேரிங்குகளில் பழைய கிரீஸை நீக்கிப் புதியது இடவேண்டும், பிரேக்கையும் சோதிக்கவேண்டும். பழைய வண்டி வாங்குவோர் இதனைக் கேட்டறிந்து வாங்குக.

கிராம அதிகாரிகள் செய்யத்தக்கவை

ஒரு கிராமத்திலுள்ள பிக்கப் வண்டிகள் பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டுக்கு மேற்படா. ஊராட்சித் தலைவரோ, கூட்டுறவுச் சங்கக் காரியதரிசியோ ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு வண்டிக்கும் துளை எண்ணிக்கை, போல்ட்டு வட்டம், நடுத்துளை, மரை, நட்டின் அடி, டயரின் சுமை எண் ஆகிய ஆறு விவரங்களைக் குறித்து வைத்தால், அவசரகாலத்தில் யாருடைய ஸ்டெப்னி யாருக்கு உதவும் என்பது ஒரு நொடியில் தெரிந்துவிடும். பலர் ஒரே அளவுச் சக்கரமுள்ள வண்டி வைத்திருப்பின், பொதுவாக இரண்டு நல்ல ஸ்டெப்னிகளைச் சங்கத்தில் வைத்திருப்பது சிக்கனம். ஒரு நல்ல வெர்னியர் அளவுகோலும், முடுக்கு அளவைக் காட்டும் ஸ்பானரும் சங்கத்திற்கு ஒன்று இருந்தால் ஊர் முழுவதுக்கும் போதுமானவை. புதிதாய் வண்டி வாங்க எண்ணுவோர், அயலார் வண்டிகளின் சக்கர அளவையும் விசாரித்துக்கொண்டு வாங்குவது நன்மை பயக்கும்.

நெல்லுக்கு விதை பார்த்து வாங்கும் விவசாயி, மாட்டுக்குச் சுழி பார்த்து வாங்கும் விவசாயி, சக்கரத்துக்குத் துளை பார்த்து வாங்குவதிலும் பின்வாங்கமாட்டான். அரைமணி நேரம் செலவிட்டுத் தம் வண்டியின் அளவுகளை இம்மாதத்திலேயே எடுத்து, ஒரு சீட்டில் எழுதி, ஓட்டுநரின் இருக்கைப் பக்கத்தில் ஒட்டிவைப்பார்களாக. இருட்டு வேளையில் எண்ணூர்ச் சாலையில் நிற்க நேரும்போது, கிடைத்ததை மாட்டாமல் பொருந்துவதைக் கேட்டு வாங்க அச்சீட்டு உதவும்.